பள்ளிக்கு வரும் மிஸ்ஸியும் நம் மாதிரிக் கட்டுரைகளும்



இந்த முறை செய்யுளையோ சிறுகதையையோ எடுத்துத் திறனாய்வு செய்யப் போவதில்லை. நாமே எழுதி, நாமே படியெடுத்துக் கொடுத்து, நாமே புள்ளியும் போடும் ஒரு வகை எழுத்தைத்தான் எடுத்துக்கொள்கிறேன். பள்ளிக்கு வரும் மருத்துவக் குழுவைப் பற்றியும் பல் சிகிச்சையைப் பற்றியும் நம் பிள்ளைகள் எழுதும் கட்டுரைகளே அவை. "இதுல திறனாய்வு பண்ண என்ன இருக்கு?" என்று கேட்பீர்கள். நானும் பல வருஷம் அப்படித்தான் நினைத்தேன். பிழை இல்லாத கட்டுரை என்றால் நல்ல கட்டுரை என்று திருத்திக் கொடுத்துக்கொண்டே இருந்தேன். அந்த எண்ணம் எப்படி மாறியது என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

முதலில் கட்டுரைகளைப் பார்ப்போம்.

மூன்று வகை, ஒரே குரல்

நம் வகுப்புகளில் இந்தத் தலைப்பு மூன்று வடிவங்களில் வருகிறது.

ஒன்று, தன்கதை. "நான் ஒரு பல்தூரிகை" என்று தொடங்கும். தொழிற்சாலையில் பிறந்து, லாரியில் பயணம் செய்து, பேரங்காடியில் அடுக்கப்பட்டு, ஒரு சிறுவனின் வீட்டுக்குப் போய்ச் சேரும். அவன் சோம்பேறி, பல் துலக்க மாட்டான். ஒருநாள் அவனுடைய பல் சொத்தையாகிவிடும். அவன் வருந்துவான். பல்தூரிகையோ தேய்ந்து குப்பைத் தொட்டியில் விழுந்து தன் கதையை முடித்துக்கொள்ளும்.

இரண்டு, அனுபவக் கட்டுரை. "என்னால் மறக்க முடியாத நாள்." சபைகூடலில் பல் மருத்துவக் குழு வந்திருப்பதாக அறிவிப்பு வரும். உடனே கட்டுரையாளருக்குத் தலையில் இடி விழுந்தாற்போல் இருக்கும். உடல் வெடவெடவென நடுங்கும். சிங்கத்தின் குகைக்குள் நுழையும் மானைப் போல அறைக்குள் போவார். கண்ணீர் தாரை தாரையாக வழியும். வெளியே வரும்போது, இனிமேல் இனிப்பே சாப்பிடுவதில்லை என்று உறுதி பூணுவார்.

மூன்று, கருத்து விளக்கக் கட்டுரை. "ஆலும் வேலும் பல்லுக்கு உறுதி" அல்லது "நோயற்ற வாழ்வே குறைவற்ற செல்வம்" என்று தொடங்கி, முதலாவதாக, தொடர்ந்து, மேலும், ஆகவே என்று நான்கு பத்திகளில் நடக்கும். அரசாங்கம் பல சேவைகளை வழங்குகிறது, மாணவர்கள் அவற்றை நன்முறையில் பயன்படுத்திக்கொள்ள வேண்டும் என்று முடியும்.

இவற்றில் நல்லது எதுவுமே இல்லை என்று சொல்ல வரவில்லை. பத்து வயதுப் பிள்ளை உவமைத்தொடரை இடம் பார்த்துப் போடுவது சின்ன விஷயமில்லை. "வெடவெட" என்னும் இரட்டைக்கிளவியைக் குளிருக்கும் அச்சத்திற்கும் பயன்படுத்தலாம் என்று தெரிந்துகொள்வதும் கல்விதான். தொடக்கம், வளர்ச்சி, முடிவு என்ற ஒழுங்கும் இந்த மாதிரிகளில் இருந்துதான் நம் பிள்ளைகளுக்குக் கிடைத்தது. அதற்காக அவற்றை எழுதியவர்களுக்கு நன்றி சொல்லவே வேண்டும்.

ஆனால் இந்த மூன்று வடிவங்களும் ஒரே ஒரு விஷயத்தைத்தான் திரும்பத் திரும்பச் சொல்கின்றன: பல் கெட்டால் அது பிள்ளையின் குற்றம். பல்வலி ஒரு தண்டனை. சிகிச்சை தருபவர் அந்தத் தண்டனையை நிறைவேற்ற வருபவர். நான் குறை சொல்வது இதைத்தான்.

கட்டுரையில் வராதவை

ஒரு சோதனை செய்து பாருங்கள். உங்கள் வகுப்பில் இந்தத் தலைப்பில் எழுதப்பட்ட கட்டுரைகளை எடுத்துக்கொண்டு நான்கு கேள்விகள் கேளுங்கள். அந்த நாற்காலி எப்படி இருந்தது? அந்த மிஸ்ஸி என்ன செய்தார்? அவர் எங்கிருந்து வந்தார்? ஏன் நம்மை அங்கே வரச் சொல்லாமல் அவர் இங்கே வந்தார்?

முதல் மூன்று கேள்விகளுக்குச் சில கட்டுரைகளிலாவது அரைகுறையாக விடை இருக்கும். நான்காவது கேள்விக்கு நான் பார்த்த எந்தக் கட்டுரையிலும் விடை இல்லை. அந்தக் கேள்வியில்தான் பள்ளி மருத்துவச் சேவையின் முழுக் கருத்தும் அடங்கியிருக்கிறது.

மருத்துவமனை என்பது நோயாளி தேடிப் போகும் இடம். தேடிப் போக மூன்று விஷயம் வேண்டும். தனக்கு நோய் இருப்பது தெரிய வேண்டும். கொண்டுபோக ஆள் வேண்டும். அதற்கு நேரமும் செலவுக்குப் பணமும் வேண்டும். ஏழு வயதுப் பிள்ளையிடம் இந்த மூன்றில் எது இருக்கிறது? ஒன்றுகூட அதன் கையில் இல்லை. எல்லாமே பெரியவர்கள் கையில்தான். அதனால்தான் பிள்ளைகள் நாள்தோறும் கூடும் இடத்துக்கு மருத்துவமே நடந்து வருகிறது. ஆக, பிள்ளை கவனக்குறைவாக இருப்பது இந்தச் சேவைக்குக் காரணமில்லை. பிள்ளையால் தானாக மருத்துவரிடம் போய்ச் சேர முடியாது என்பதே காரணம்.

இது நேற்று முளைத்த யோசனை இல்லை. நியூசிலாந்தில் 1921ஆம் ஆண்டிலேயே பள்ளிப் பிள்ளைகளின் பற்களைக் கவனிப்பதற்கென்று இளம்பெண்களுக்குத் தனிப் பயிற்சி கொடுக்கத் தொடங்கி, பிறகு அவர்களைப் பள்ளிகளுக்கு அனுப்பினார்கள். அதே முறையைப் பின்பற்றி 1949இல் பினாங்கில் பயிற்சி நிலையம் தொடங்கப்பட்டது. அப்போது நாட்டில் பல் மருத்துவர்கள் மிகக் குறைவு, பிள்ளைகளோ ஏராளம். எல்லாரும் முழு மருத்துவராகும் வரை காத்திருக்க முடியாது. பிள்ளைகளுக்குத் தேவையான வேலையை, அதாவது பரிசோதிப்பது, சுத்தம் செய்வது, அடைப்பது, வேண்டியபோது பிடுங்குவது ஆகியவற்றை மட்டும் நன்றாகக் கற்றவர்கள் பள்ளிப் பள்ளியாகப் போனார்கள். நம் அம்மாக்கள் காலத்தில் "பல் மிஸ்ஸி" என்று அழைக்கப்பட்டவர்கள் அவர்கள்தான். பிறகு "ஜுருரவாட் பெர்கிகியான்" என்றார்கள். இப்போது "ஜுருதெராபி பெர்கிகியான்" என்கிறார்கள். பெயர் மாறினாலும் பள்ளிக்குள் வருவது மாறவில்லை.

சிங்கப்பூர் ஆசிரியர்களுக்கும் இதில் பங்கு உண்டு. அங்கே பள்ளிச் சுகாதாரச் சேவை 1921இலும், பள்ளிப் பல் மருத்துவச் சேவை 1949இலும் தொடங்கின. மலேசியாவில் பள்ளிச் சுகாதாரச் சேவை 1967இல் தொடங்கியது. உங்கள் மாணவர்கள் "அரசாங்கம் பல சேவைகளை வழங்குகிறது" என்று பொத்தாம் பொதுவாக எழுதும் வாக்கியத்துக்குப் பின்னால் இவ்வளவு வரலாறு இருக்கிறது.

நம் சமூகத்துக்கு இதில் இன்னொரு தொடர்பும் உண்டு. தோட்டத்தில் வளர்ந்த பெரியவர்களைக் கேளுங்கள். தோட்டத்துப் பள்ளியும் டிரெஸ்ஸர் மருந்து கொடுக்கும் இடமும் நடந்து போகும் தூரத்தில்தான் இருந்தன என்பார்கள். அங்கே கிடைத்த மருத்துவம் உயர்தரமானது என்று யாரும் சொல்ல மாட்டார்கள், ஆனால் பக்கத்தில் இருந்தது. தோட்டங்கள் துண்டாடப்பட்டுக் குடும்பங்கள் பட்டணத்துக்குக் குடிபெயர்ந்தபோது அந்தப் பக்கம் என்பது போய்விட்டது. அடுக்குமாடி வீட்டில் இருந்து அரசாங்கக் கிளினிக்குக்குப் போக வண்டி வேண்டும், அரைநாள் லீவு வேண்டும். அப்படிப்பட்ட வீட்டுப் பிள்ளைக்குப் பள்ளிக்கு வரும் மிஸ்ஸிதான் அந்த ஆண்டில் பார்க்கும் ஒரே மருத்துவ முகமாகவும் இருக்கலாம். அவரைத்தான் நாம் கட்டுரையில் சிங்கமாக்கி வைத்திருக்கிறோம்!

ஆறு வயதில் முளைக்கும் பல்

"பிள்ளையின் குற்றம்" என்னும் கருத்து எவ்வளவு தவறு என்பதைக் காட்ட ஒரே ஒரு பல் போதும்.

பால்பற்கள் 20. நிரந்தரப் பற்கள் 32. இது பாடநூலில் இருக்கிறது, பிள்ளைகள் ஒப்பிப்பார்கள். ஆனால் நிரந்தரமான முதல் கடைவாய்ப்பல் எப்போது முளைக்கிறது என்று கேளுங்கள். ஏறக்குறைய ஆறு வயதில், கடைசிப் பால்பல்லுக்குப் பின்னால், சத்தமில்லாமல் முளைக்கிறது. அதற்காக எந்தப் பால்பல்லும் விழுவதில்லை. விழாததால் வீட்டில் யாருக்கும் தெரிவதில்லை. "இதுவும் பால்பல்தான், விழுந்து முளைக்கும், விடு" என்று பெரியவர்கள் நினைத்துவிடுகிறார்கள். அந்தப் பல்லின் மேல்புறத்தில் ஆழமான பள்ளங்கள் உண்டு. சாப்பாடு அதில் போய் ஒட்டிக்கொள்ளும். சின்னக் கையால் துலக்கும்போது அவ்வளவு தூரம் தூரிகை எட்டுவதும் கடினம்.

வாழ்நாள் முழுக்க இருக்க வேண்டிய பல் அது. போனால் வேறு முளைக்காது. பிள்ளை முதலாம் ஆண்டில் காலெடுத்து வைக்கும் அதே சமயத்தில் அதுவும் வாய்க்குள் காலெடுத்து வைக்கிறது. பள்ளிக்கு வரும் குழு சின்ன வகுப்புகளை விடாமல் பார்ப்பதன் பயன் இங்கேதான் இருக்கிறது. பள்ளம் ஆழமாக இருந்தால் சொத்தை வருவதற்கு முன்பே அதன்மேல் பூச்சு வைத்து மூடிவிடலாம்.

இப்போது சொல்லுங்கள். ஆறு வயதில், யாருக்கும் தெரியாமல் முளைத்த பல் எட்டு வயதில் சொத்தையானால் அது யார் குற்றம்? அந்தப் பிள்ளையைச் சோம்பேறி என்று எழுத நமக்கு மனம் வருமா?

பல் துலக்குவது முக்கியமில்லை என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். காலையிலும் படுக்கப் போகும் முன்பும் துலக்கத்தான் வேண்டும். ஆனால் துலக்குவது பாதிதான். பள்ளிச் சிற்றுண்டிச்சாலையில் என்ன விற்கிறார்கள், வீட்டில் பசியாறும்போது என்ன குடிக்கிறார்கள், பக்கத்துக் கடையில் எது மலிவு என்பதெல்லாம் மீதிப் பாதி. மலேசிய அரசாங்கம் 2019 ஜூலை 1 முதல் சர்க்கரை அதிகமுள்ள பானங்களுக்கு லிட்டருக்கு 40 காசு வரி போட்டது எதற்காக? பிள்ளைகளின் மன உறுதி மட்டும் போதாது என்பது பெரியவர்களுக்குத் தெரிந்ததால்தான். கட்டுரை எழுதும்போது மட்டும் ஏன் அதை மறந்துவிடுகிறோம்?

30க்கு 27

இப்போது என் கதை.

சில வருஷங்களுக்கு முன் ஐந்தாம் ஆண்டு வகுப்புக்குப் பாடம் எடுத்துக்கொண்டிருந்தேன். பல் பராமரிப்பைப் பற்றிக் கட்டுரை எழுதச் சொன்னேன். ஒரு மாணவி மிக அழகாக எழுதியிருந்தாள். கையெழுத்து முத்து முத்தாக இருந்தது. மூன்று உவமைத்தொடர், ஒரு பழமொழி. நடுவில் ஒரு வாக்கியம்: "பல் துலக்காத சோம்பேறிகளே பல்வலியால் அவதிப்படுவர்." அந்த வாக்கியத்துக்குக் கீழே சிவப்பு மையில் கோடு போட்டு "அருமை" என்று எழுதினேன். 30 புள்ளிக்கு 27.

கட்டுரைப் புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்த அந்த வாரத்தில்தான் பல் மருத்துவக் குழு பள்ளிக்கு வந்தது. நூல்நிலையத்தில் நாற்காலியை விரித்தார்கள். வகுப்பு வகுப்பாக அழைத்தார்கள். என் வகுப்புப் பிள்ளைகள் வரிசையாகப் போய்விட்டு வந்தார்கள். அவள் மட்டும் இடத்தைவிட்டு எழவே இல்லை. ஒரு கையைக் கன்னத்தில் வைத்தபடி உட்கார்ந்திருந்தாள்.

"ஏம்மா நீ போகல?"

"போராங் குடுக்கல டீச்சர்."

"ஏன் குடுக்கல?"

"அம்மாவுக்கு நைட் ஷிஃப்ட். பாட்டிக்கு மலாய் படிக்கத் தெரியாது. பல்லைப் பிடுங்கிருவாங்கன்னு சைன் போட மாட்டேன்னுட்டாங்க."

"பல் வலிக்குதா?"

தலையை மட்டும் ஆட்டினாள்.

எத்தனை நாளாக என்று கேட்டேன். தீபாவளிக்கு முந்தியிருந்தே வலிக்கிறது என்றாள். அப்படியானால் அந்தக் கட்டுரையை எழுதும்போதும் அவளுக்கு வலித்திருக்கிறது. ஒரு பக்கம் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு, மறுகையால் "சோம்பேறிகளே அவதிப்படுவர்" என்று எழுதியிருக்கிறாள். நான் அதற்கு "அருமை" போட்டிருக்கிறேன்.

அன்று மாலையே அவள் அம்மாவுக்குப் போன் போட்டுப் பேசினேன். அந்தப் படிவத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று வரிக்கு வரி தமிழில் சொன்னேன். மறுநாள் கையெழுத்தோடு படிவம் வந்தது. மிஸ்ஸி பார்த்துவிட்டு, இது அந்த ஆறு வயதுக் கடைவாய்ப்பல், சொத்தை மிகவும் ஆழமாகப் போய்விட்டது, இங்கே அடைக்க முடியாது என்று கிளினிக்குக்குக் கடிதம் கொடுத்தார். அம்மா லீவு போட்டு அழைத்துப் போனார். அந்தப் பல்லைக் காப்பாற்ற முடியவில்லை.

படிவத்தைத் தமிழில் சொல்ல எனக்குத் தேவைப்பட்டது பத்து நிமிடம். அதை வகுப்புக்கே முன்கூட்டிச் செய்திருக்கலாம். செய்யவில்லை. குழுவில் யாரும் தவறு செய்யவில்லை. பாட்டியும் அன்பினால்தான் மறுத்தார். அந்தப் பாட்டிக்குப் பல் மிஸ்ஸி என்றால் பிடுங்குபவர் என்றுதான் தெரியும். அவர் பேத்தி எழுதும் கட்டுரையிலும் அப்படித்தானே இருக்கிறது!

இதனால்தான் சொல்கிறேன், மாதிரிக் கட்டுரை வெறும் மொழிப் பயிற்சி இல்லை. அது ஒரு வீட்டில் அச்சத்தை வளர்க்கிறது. வலியோடு இருக்கும் பிள்ளையைத் தன்னையே திட்டிக்கொள்ள வைக்கிறது. வலிக்கிறது என்று சொல்ல வாய் வராமல் செய்கிறது.

"நேரம் எங்கே இருக்கு டீச்சர்?"

இதைப் பயிலரங்குகளில் பேசும்போது சக ஆசிரியர்கள் வழக்கமாக மூன்று மறுப்புகளைச் சொல்வார்கள். மூன்றிலும் நியாயம் இருக்கிறது.

முதல் மறுப்பு: "கட்டுரையில் நன்னெறி இருக்க வேண்டும்." இருக்கட்டும். ஆனால் "சோம்பலாக இராதே" என்பது மட்டும்தான் நன்னெறியா? "வலித்தால் சொல்" என்பதும் நன்னெறிதான். "வலிக்கும் நண்பனைக் கேலி செய்யாதே" என்பதும், உழைப்பவருக்கு நன்றி சொல்வதும் நன்னெறிதான். இவற்றுக்குக் கட்டுரையில் இடம் கொடுப்போமே.

இரண்டாவது மறுப்பு: "மொழியணிக்குத்தானே புள்ளி? அதைக் குறைத்தால் பிள்ளைகள் பாதிக்கப்படுவார்கள்." மொழியணியைக் குறைக்கச் சொல்லவில்லை. சரியான இடத்தில் போடச் சொல்கிறேன். பல் மருத்துவக் குழு வந்ததைக் கேட்டதுமே தலையில் இடி விழ வேண்டுமா? கண்ணிமைக்கும் நேரத்தில் வேலையை முடித்த மிஸ்ஸியின் கைத்திறனுக்கு ஒரு மரபுத்தொடர் போடலாம். கருவி ஓடும் சத்தத்துக்கு ஒரு இரட்டைக்கிளவி போடலாம். திருத்துபவர் நூறு கட்டுரையில் ஒரே இடியைப் பார்த்துச் சலித்துப் போயிருப்பார். உண்மையாகப் பார்த்து எழுதிய ஒரு வரி அவரை நிமிர்ந்து உட்கார வைக்கும்.

மூன்றாவது மறுப்பு: "நேரம் எங்கே இருக்கு டீச்சர்? பாடத்திட்டத்தை முடிக்கவே மூச்சு முட்டுது." உண்மை. ஆனால் இதற்குத் தனிப் பாடவேளை வேண்டாம். குழு வரும் வாரத்திலேயே கட்டுரையை வைத்துக்கொள்ளுங்கள். பார்த்துவிட்டு வந்த சூட்டோடு எழுதட்டும்.

எழுதிக் காட்டுவோம்

மாணவர்களே, இது உங்களுக்கு. கீழே உள்ள இரண்டு பத்திகளும் நான் ஒப்பீட்டுக்காக எழுதியவை.

முதல் பத்தி: "அன்று எங்கள் பள்ளிக்குப் பல் மருத்துவக் குழு வந்தது. அதைக் கேட்டதும் என் தலையில் இடி விழுந்தாற்போல் இருந்தது. உடல் வெடவெடவென நடுங்கியது. இனிப்புப் பண்டங்களை அளவுக்கு மீறி உண்டதன் விளைவை அன்றுதான் உணர்ந்தேன். கண்களில் நீர் தாரை தாரையாக வழிந்தது."

இரண்டாம் பத்தி: "நூல்நிலையத்தின் மேசைகளைச் சுவரோரம் தள்ளி வைத்திருந்தார்கள். நடுவில் ஒரு மடக்கு நாற்காலி விரிந்திருந்தது. அதன் பக்கத்தில் கருவி கடகடவென ஓடிக்கொண்டிருந்தது. எனக்கு முன்னால் போன நண்பன் நாற்காலியின் கைப்பிடியை இறுகப் பிடித்துக்கொண்டான். மிஸ்ஸி கையுறையை மாற்றிக்கொண்டே, 'வலிச்சா கையைத் தூக்கு, நான் நிறுத்திடுவேன்' என்றார். அவன் ஒருமுறை கையைத் தூக்கினான். அவர் உடனே நிறுத்தினார். அதைப் பார்த்ததும் எனக்கும் தைரியம் வந்தது."

இரண்டாவதில் உவமைத்தொடர் ஒன்றுகூட இல்லை. ஆனால் இடம் தெரிகிறது, ஆள் தெரிகிறார், ஒரு செயல் நடக்கிறது. அச்சம் எப்படித் தணிந்தது என்பதற்குக் காரணமும் இருக்கிறது. வேண்டுமானால் இதில் பொருத்தமான மொழியணி ஒன்றைச் சேர்த்துக்கொள்ளுங்கள். முதல் பத்தியைப் பள்ளிக்கு வராதவர்கூட எழுதிவிடலாம். இரண்டாவதை எழுத அங்கே நின்று பார்த்திருக்க வேண்டும்.

இடைநிலைப்பள்ளி மாணவர்களுக்குக் கருத்துரைக்கும் கட்டுரை வரலாம். "மாணவர்களுக்குப் பள்ளியிலேயே மருத்துவச் சேவை வழங்குவது சிறந்தது" என்று தலைப்பு வந்தால் என்ன எழுதுவீர்கள்? "நேரம் மிச்சமாகும், பணம் மிச்சமாகும்" என்பதோடு நின்றுவிடாதீர்கள். இப்படி யோசித்துப் பாருங்கள்.

கிளினிக் என்பது வலிக்கிறது என்று சொல்பவர்களைப் பார்க்கும் இடம். பள்ளிக்கு வரும் குழுவோ சொல்லாதவர்களையும் பார்க்கிறது. இதற்குக் கண் பரிசோதனை நல்ல சான்று. பிறந்ததிலிருந்தே மங்கலாகப் பார்க்கும் பிள்ளைக்குத் தன் பார்வை மங்கல் என்று எப்படித் தெரியும்? எல்லாரும் இப்படித்தான் பார்க்கிறார்கள் என்று நினைத்துக்கொள்ளும். வெண்பலகை தெரியாமல் தவறாக எழுதும். நாம் கவனக்குறைவு என்று திட்டுவோம். சுவரில் மாட்டிய எழுத்து அட்டையைப் படிக்கச் சொல்லும் ஐந்து நிமிடம் அந்தப் பிள்ளையின் படிப்பையே மாற்றிவிடலாம்.

தடுப்பூசி இன்னொரு சான்று. மலேசியாவில் முதலாம் ஆண்டில் தொண்டை அடைப்பான், ரணஜன்னி ஆகியவற்றுக்கும், படிவம் மூன்று வயதில் மீண்டும் ரணஜன்னிக்கும் ஊசி போடுகிறார்கள். கருப்பை வாய்ப் புற்றுநோயைத் தடுக்கும் ஊசி 2010 முதல் 13 வயது மாணவிகளுக்குப் பள்ளியிலேயே போடப்படுகிறது. சிங்கப்பூரில் இது 2019இல் உயர்நிலை ஒன்று மாணவிகளுக்குத் தொடங்கியது. இந்த ஊசியைப் பிற்காலத்தில் பெரியவளான பிறகு தனியாகத் தேடிப் போய் எத்தனை பேர் போட்டுக்கொள்வார்கள்? வகுப்பே ஒன்றாகப் போட்டுக்கொள்ளும்போது அது சாதாரண விஷயமாகிவிடுகிறது.

மறுபக்கத்தையும் எழுதத் தெரிய வேண்டும். பாராட்டிக்கொண்டே போவது கருத்துரைத்தல் ஆகாது. குழு ஆண்டு முழுவதும் பள்ளியில் இருப்பதில்லை. பல்வலி அது வரும் நாள் பார்த்து வராது. படிவம் திரும்பி வராத பிள்ளைக்குச் சிகிச்சை இல்லை. ஊசி போடும் இடத்தில் மறைப்பு இல்லையென்றால் மாணவிகள் கூச்சப்படுவார்கள். கிளினிக்குக்குக் கடிதம் கொடுத்தாலும், வேலையை விட்டுவிட்டு அழைத்துப் போக ஆள் இல்லையென்றால் கடிதம் பையிலேயே கிடக்கும். இவற்றை எழுதினால் சேவையைக் குறை சொன்னதாக ஆகாது. அதை எப்படி மேம்படுத்தலாம் என்ற உங்கள் கடைசிப் பத்திக்கு அப்போதுதான் பொருள் வரும். "அரசாங்கம் மேலும் பல முயற்சிகளை மேற்கொள்ள வேண்டும்" என்று காற்றில் முடிப்பதைவிட, "ஒப்புதல் படிவத்தைத் தாய்மொழியில் விளக்கும் குறிப்பு ஒன்றும் இணைக்கப்பட வேண்டும்" என்று முடித்துப் பாருங்கள். எது கனமாக இருக்கிறது?

சொற்களையும் கொஞ்சம் சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள். ஒப்புதல் படிவம், கடைவாய்ப்பல், ஈறு, சொத்தை, பல் அடைத்தல், மரப்பு ஊசி, பரிந்துரைக் கடிதம், பார்வைச் சோதனை, தடுப்பூசி. பேச்சில் போராங், மிஸ்ஸி, கிளினிக் என்றுதான் சொல்வோம். உரையாடலில் அப்படியே எழுதலாம், தவறில்லை. விளக்கப் பத்தியில் எழுத்துத் தமிழைப் பயன்படுத்துங்கள்.

ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள்

அடுத்த முறை குழு வரும் தேதி தெரிந்ததும் மூன்று காரியம் செய்வோம். படிவத்தை வகுப்பில் உரக்கப் படித்துத் தமிழில் விளக்குவோம். அதையே குரல் பதிவாகப் பெற்றோர் புலனக் குழுவில் போடுவோம், எழுத்துத் தெரியாத பாட்டிக்கும் அது போய்ச் சேரும். படிவம் வராத பிள்ளைகளின் பெயரை எடுத்துக்கொண்டு, எல்லார் முன்னாலும் கேட்காமல், தனியே அழைத்து ஏன் என்று கேட்போம்.

கட்டுரை திருத்தும்போது நான்காவதாக ஒன்றையும் செய்யலாம். யாரையாவது சோம்பேறி என்று திட்டும் வாக்கியம் வந்தால், அதற்குக் கீழே கோடு போடுவதற்கு முன் அந்தப் பிள்ளையின் முகத்தை ஒருமுறை நிமிர்ந்து பார்ப்போம்.

அந்த மாணவி இப்போது இடைநிலைப்பள்ளியில் படிக்கிறாள். அவளுடைய கட்டுரையின் படி இன்னும் என் கோப்பில் இருக்கிறது. புதிய ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுக்கும்போது, பெயரை மறைத்துவிட்டு, அதைக் காட்டுகிறேன். "எத்தனை புள்ளி போடுவீங்க?" என்று கேட்கிறேன். பெரும்பாலோர் 26, 27 என்கிறார்கள். பிறகு நடந்ததைச் சொல்கிறேன்.